மறுமொழி வராத அயலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது

போன கிழமை, நான் விட்டுவந்த அலுவலகத்தில் இப்போது வேலை செய்கிற உங்களில் ஒரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மிஸ், உங்கட பழைய புரோகிராமை வாசிச்சுக்கொண்டு வாறன். எல்லா நிலையும் இருக்குது. 'செத்தது' எண்ட நிலை மட்டும் இல்லை. மறந்து போனியளோ? புதுசா எழுதேக்க அதையும் சேர்க்கட்டோ?"

ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் பதில் வராது என்பது அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அவசரமில்லாமல் ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கினால் நான் நினைத்ததை விட நீளுகிறது. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மறக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட அறையில், குளிரூட்டிக்குக் கீழே இருக்கிறீர்கள். நாங்கள் தொடங்கியபோது கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தோம். கீழே யாராவது ஒரு இயந்திரத்தை முடுக்கிப் பார்த்தால் மேலே மேசையில் தேநீர்க் கோப்பை நடுங்கும். கொழும்பில் கனகாலம் வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சத்தம் முதலில் பிடிக்கவேயில்லை. இன்றைக்கு அதைக் கேட்கவேண்டும் போல் இருக்கிறது. பரந்தனில் என் வீட்டு வாசலாலும் உழவு இயந்திரங்கள் போகத்தான் செய்கின்றன. அவை போய்விடுகின்றன, அவ்வளவுதான்.

எங்களிடம் வந்த சிக்கல் நெல் வெட்டும் சிக்கல். மாரி மழைக்கு விதைக்கும் காலபோக நெல்லில் தைப்பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து ஒரு பிடி கதிர் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அதுதான் புதிர் எடுப்பது. அதற்கு முன்னர் வயலில் வெட்டு மெஷின் இறக்க முரசுமோட்டைப் பக்கத்தில் பலருக்கு மனம் வராது. புதிர் எடுத்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் மெஷின் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வயலுக்கு மூன்று மெஷின் வந்து நின்று சண்டை நடக்கும். பக்கத்து வயலில் நெல் சாய்ந்து கிடக்கும், அங்கே ஒரு மெஷினும் எட்டிப் பார்க்காது. இதற்கு ஏதாவது செய்து தாருங்கள் என்று அந்தப் பகுதியில் நெல் செய்யும் கமக்காரர்கள் சிலர் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

எந்த மெஷின் எந்த வயலுக்குப் போனால் எல்லோருக்கும் சேர்த்து அதிக நன்மை என்று ஒரு பெரிய கணினி கணக்குப் பார்த்துச் சொல்லலாம். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. வயல் வெளியில் சிக்னல் வரும், போகும். அதோடு எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. நடுவில் ஒரு கணினி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார், அந்த ஆளுக்கு ஒரு மச்சான் இருப்பார், மச்சானுக்கு ஒரு வயல் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆகவே நடுவில் யாரும் இல்லாமல் செய்தோம். ஒவ்வொரு கமக்காரர் கையிலும் ஒரு போன், ஒவ்வொரு மெஷின் ஓட்டுநர் கையிலும் ஒரு போன். ஒரு போன் தனக்கு எட்டும் தூரத்திலுள்ள போன்களோடு மட்டும் பேசும். அவற்றை அயல் என்று சொன்னோம். வயல் தனக்கு எந்த மெஷின் நல்லது என்று பார்க்கும், மெஷின் தனக்கு எந்த வயல் நல்லது என்று பார்க்கும். இரண்டுக்கும் ஒன்றையொன்று முதலாவதாகப் பிடித்திருந்தால் முடிவாயிற்று, இரண்டும் விலகிவிடும். மீதியுள்ளவை திரும்பவும் பேசும். முழு வெளியையும் யாரும் பார்ப்பதில்லை. அயலை மட்டும் பார்த்து எல்லோரும் நடந்தாலும், வரும் நன்மை சகலதும் அறிந்த ஒருவர் பிரித்துக் கொடுத்திருந்தால் வரக்கூடியதில் அரைவாசிக்குக் கீழே போகாது. அதற்கு நிரூபணம் உண்டு. நடைமுறையில் அரைவாசியை விட நிறையவே கிடைக்கும்.

இதை நான் பெருமையாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது யோகம் அக்கா இடைமறித்தார். முரசுமோட்டையில் புருசன் இல்லாமல் தனியாகக் கமம் செய்கிற மனுசி அவர். எதையும் திருப்பிக் கேட்காமல் விடமாட்டார்.

"அரைவாசியோ தங்கச்சி? இவ்வளவு படிச்சுப்போட்டு அரைவாசிதானோ தாறியள்?"

"குறைஞ்சது அரைவாசி, அக்கா. அதுக்குக் கீழே போகாது எண்டு நிரூபிச்சிருக்குது."

"போன போகம் எனக்குக் கால்வாசியும் கிடைக்கேல்லை. கீழே போகாது எண்டு சத்தியம் பண்ணுவியள் எண்டா எனக்கு அது காணும்."

சத்தியம் என்ற சொல் அங்கேதான் வந்தது. அடுத்த கூட்டத்தை வயல்கரைப் பிள்ளையார் கோவிலில் வைத்தார்கள். ஓட்டுநர்களும் கமக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, போன் சொல்லாமல் எந்த வயலிலும் மெஷின் இறங்காது, இறக்கவும் மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு நிரலுக்குக் கீழ்ப்படிவோம் என்று கற்பூரம் அணைத்திருப்பார்களா தெரியாது. எங்களுக்கு அன்று தலைகால் தெரியாத சந்தோசம். சொன்னால் சொன்னபடி நிற்கிற சனத்துக்கு எழுதுகிறோம் என்றால் எதையெல்லாம் யோசித்து எழுதவேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

நிரலில் காத்திருக்கும் பகுதியை எழுதியவள் ஜெனிற்றா. உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரி, சிரித்தால் கீழ்க் கடைக்குக் கேட்கும். தினமும் பஸ்ஸில் போய்வர முடியாதென்று கிழமை நாட்களில் பரந்தனில் என் வீட்டில் தங்கினாள். நான் அலுவலகத்தில் பிந்தினால் அவள் முதலில் போய் வீட்டைத் திறப்பாள். கதவுச் சாவி ஒன்றுதான், அந்தத் திறப்பைத் தண்ணீர் மோட்டர்ப் பெட்டிக்குள் வைப்போம். நான் வரும்போது குசினியில் மீன் குழம்பு கொதிக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு உறைப்பாகச் சமைக்க விட்டிருப்பேனா தெரியாது.

அவளுக்கு ஒரு அண்ணா. கடைசிச் சண்டையின்போது தாய், இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அண்ணா மூட்டையைத் தூக்கித் தாயின் தலையில் வைத்துவிட்டு, "நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன்" என்றானாம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் இதைச் சொன்னாள். நான் துருவினதை எடுத்துப் பால் பிழிந்தேன். திரும்பக் கேட்கவில்லை.

முதல் போகத்தில் எல்லாம் நன்றாக ஓடியது. இரண்டாவது காலபோகத்தில், புதிர் எடுத்துச் சில நாட்களில், ஒரு காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தை மாதத்து மழை பெரிய மழை இல்லை. ஆனால் முற்றிச் சாய்ந்த நெல்லுக்குச் சின்ன மழையே போதும், கதிரிலேயே முளை விட்டுவிடும். நான் அலுவலகத்துக்கு வந்து கதிரையில் உட்காரு முன்னரே யோகம் அக்கா தொலைபேசி எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, மெசின் ஒண்டு என்ர வரப்பிலதான் நிக்குது. ஓடுற பெடியன் வெத்திலை போட்டுக்கொண்டிருக்கிறான். ஏன் இறக்கேல்லை எண்டு கேட்டா, போன் இன்னும் சொல்லேல்லையாம்."

"உங்கட போன் என்ன சொல்லுது?"

"பொறுக்கட்டாம்."

ஜெனிற்றா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "யாருக்காகப் பொறுக்குது எண்டு கிடக்கும், வாசிக்கச் சொல்லுங்கோ அக்கா."

"தவமாம்," என்றார் யோகம் அக்கா.

தவம் அந்தப் பகுதியில் முதன்மையான மெஷின் ஓட்டுநர். யோகம் அக்காவின் வயலுக்கு அவரே முதல் விருப்பம். அந்த விருப்பம் கைகூடுமா இல்லையா என்று தெரியாமல் வயல் வேறு மெஷினுக்கு ஓம் சொல்லாது. வரப்பில் நின்ற பெடியனுக்கு யோகம் அக்காவின் வயல் முதல் விருப்பம், ஆகவே அவன் அந்த வயலுக்காகக் காத்திருந்தான். அவனுக்காக இன்னொரு வயல், அந்த வயலுக்காக இன்னொரு மெஷின். ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டோம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் தவத்தில் வந்து முடிந்தது. முரசுமோட்டை வெளி முழுக்க, முற்றின நெல்லுக்குப் பக்கத்தில், மெஷின்கள் சும்மா நின்றன. கற்பூரம் அணைத்த சனம், ஒருவரும் அசையவில்லை.

தவத்தின் போன் முதல் நாள் பின்னேரம் கடைசியாகச் சொன்னது, தன் முதல் விருப்பம் துணுக்காயில் மச்சானின் வயல் என்று. லொறியில் மெஷினை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார். அங்கே போய்ச் சேர்ந்து, வயல் முடிவாயிற்று என்ற செய்தி வழியிலுள்ள போன்களால் கைமாறி வரவேண்டும், வரவேயில்லை. அவருக்கு நேரே எடுத்தும் கிடைக்கவில்லை. மாங்குளம் பக்கம் மெஷின் ஏற்றின லொறி ஒன்று கவிழ்ந்து பிரண்டு கிடப்பதாகக் கீழ்க் கடையில் யாரோ கதைத்தார்கள். அதைக் கேட்ட ஜெனிற்றா திரும்பவும் தவத்தின் இலக்கத்தை அழுத்தினாள்.

இப்படியான இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். காத்திருப்பதற்கு ஒரு நேர எல்லை. அது கடந்தால் அந்த அயலைச் செத்ததாகக் கருதி எடுத்துவிடு. நான் நிரலைத் திறந்து பார்த்தேன்.

"நேர எல்லை எங்கை?"

"போடேல்லை அக்கா."

"மறந்து போனியோ?"

"இல்லை. எழுதினனான். எழுதிப் பாத்திட்டு அழிச்சுப்போட்டன்."

"ஏன்?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நேரம் கடந்தாப் பிறகு அந்த அயலை என்னெண்டு எழுதுறது? புத்தகத்திலை செத்தது எண்டுதான் கிடக்கு. மறுமொழி வரேல்லை எண்டதுக்காக ஒராளைச் செத்தவர் எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை."

பிள்ளைகளே, என் குணம் உங்களில் சிலருக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. வெளியே கறுத்த வானம், காதில் யோகம் அக்காவின் குரல். விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். ஒரு வரி வேலை, நானே எழுதியிருக்கலாம். இழுத்துக்கொண்டே சொன்னேன்.

"உன்ர அம்மாவும் காத்துக்கொண்டுதானே இருக்கிறா. அதுக்காக இவ்வளவு காலமும் வீட்டிலை அடுப்பு மூட்டாமலோ இருந்தவா?"

அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"இல்லை அக்கா. அம்மா எல்லாம் நடத்தினவா. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வரேக்க, தமையன்ர விசயம் தெரியாமல் என்னெண்டு செய்யிறது எண்டு மாமா ஆக்கள் இழுத்தவை. அம்மா சொன்னவா, என்ர பிள்ளை கடைசியா என்ன சொன்னவன்? முன்னால போங்கோ, வாறன் எண்டுதானே. இப்ப கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். நடத்துங்கோ எண்டு."

திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவன் வந்து, செய்தது பிழை எண்டு சொன்னா அப்ப அவனோடை கதைச்சுக்கொள்ளுறன் எண்டும் சொன்னவா."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கீழே ஒரு இயந்திரம் முடுக்கினார்கள், கோப்பை நடுங்கியது. ஜெனிற்றா மெதுவாகத் தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"அக்கா, தவம் அண்ணை கடைசியாச் சொன்னது துணுக்காய் வயல் எண்டுதானே?"

"ஓம்."

"அப்ப அவர் இப்பவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் எண்டு வைச்சுப் போவம். அவர் துணுக்காய்க்குத்தான் எண்டா யோகம் அக்கான்ர வயல் அடுத்த மெசினுக்கு ஓம் சொல்லலாம். ஆளை எடுக்க வேண்டாம், அவரின்ர இடம் இருக்கட்டும். வந்து வேறை சொன்னா அப்ப மாத்துவம்."

நேர எல்லை வேண்டும். அது கடந்தால் அயலின் கடைசிச் சொல்லையே இன்றைய சொல்லாக எடுத்துக்கொண்டு மேலே போவது. நீங்கள் அந்த நிரலில் 'கடைசிச் சொல்' என்று ஒரு நிலையைக் கண்டிருப்பீர்கள். அது அன்று காலை வந்தது.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். அரைவாசிக்குக் கீழே போகாது என்ற நிரூபணம் எல்லோரும் இந்த நேரத்து உண்மையைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்பது. ஒருவரின் சொல் பழசாகிவிட்டால் நிரூபணம் விழுந்துவிடும். யோகம் அக்காவுக்குக் கீழே போகாது என்று சொன்னது நான். ஒரு மெஷினின் பழைய சொல்லால் எவ்வளவு கெடும் என்று ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்திருந்தால் புதிதாக ஒரு நிரூபணம் எழுதியிருக்கலாம், பிறகு எழுதினோம். அன்று அதற்கு நேரமில்லை. மெஷின்கள் நிற்கின்றன, மழை வருகிறது, நிற்பதை விடப் போவது நல்லது. அந்த முடிவை நான் எடுத்தேன். கையில் நிரூபணம் இல்லாமல் எடுத்த முடிவு. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

நடுவில் கணினி இல்லாததால் புதிய நிரலை ஒரு போனில் ஏற்றினால் அது அயலுக்குக் கொடுக்கும், அயல் அதன் அயலுக்குக் கொடுக்கும். அந்த முதல் போனுக்கு நாங்கள்தான் போகவேண்டும். நான் ஸ்கூட்டியை எடுத்தேன், ஜெனிற்றா மடிக்கணினியை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தாள். பரந்தன் சந்தியில் திரும்பும்போது முதல் தூறல் முகத்தில் விழுந்தது. நான் தலைக்கவசத்துக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அவள் பின்னால் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

யோகம் அக்காவின் வயல் வரப்பில் இருந்து அவருடைய போனில் ஏற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வரப்பில் நின்ற பெடியனின் போன் சத்தம் போட்டது. அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாய்ந்து ஏறினான். அந்த மெஷின் இறங்கியதும் அடுத்த வயல் கண்டத்தில் ஒரு மெஷின் முடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதற்கப்பால் ஒன்று. எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் ஒவ்வொன்றாக வெளிக்கிடுவது காதில் கேட்டது. ஜெனிற்றா சேற்றில் காலை வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. இவ்வளவு கால வேலையில் அவ்வளவு சந்தோசமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

பின்னேரம் மழை கொட்டியது. யோகம் அக்காவின் நெல் தப்பியது. எல்லோருடையதும் தப்பவில்லை. வெளியின் கடைசிப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வயலுக்கு மெஷின் போய்ச் சேர முன்னர் மழை முந்திவிட்டது. அந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். வீட்டுக்காரர் ஏசவில்லை, தேநீர் தந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துத் தவம், இடுப்பில் கட்டின சாரத்தில் சேறு காய்ந்திருக்க, மாடிப்படி ஏறி வந்தார். பிரண்டது வேறு யாருடையதோ லொறி. இவருடைய மெஷின் துணுக்காயில் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது, அதை இழுக்கப்போய் போனும் தண்ணீருக்குள் போய்விட்டது. புதுப் போன் வாங்கிக்கொண்டு நேரே வந்திருந்தார். ஜெனிற்றா அவருடைய பெயரை அழுத்தினாள். அவருடைய இடம், அயல், கடைசியாகச் சொன்ன சொல் எல்லாம் அப்படியே வந்தன.

"என்னைக் கழிச்சுப் போட்டியளாக்கும் எண்டு நினைச்சனான்," என்றார் தவம்.

"இல்லை அண்ணை. நீங்கள் வருமட்டும் நீங்கள் சொன்னதை வைச்சு நடத்தினனாங்கள்."

"நான் என்ன சொன்னனான்?"

"துணுக்காய் எண்டு."

"சரியாத்தான் நடத்தியிருக்கிறியள். அங்கைதான் நிண்டனான்." அவர் சிரித்துக்கொண்டு போனார். ஜெனிற்றா அவர் படியிறங்கிப் போகும் வரையும், பிறகு கடைவாசலால் போகும் வரையும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் கேள்விக்குரிய பதில் இன்னும் வரவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஜெனிற்றாவின் தாய் நோயில் காலமானார். நான் முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனேன். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், கடல் சத்தம் அவ்வளவு கிட்டக் கேட்டது. ஒரு மூலையில் மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறிவித்தல்கள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் அன்புத் தாய் என்று பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். வெளிநாட்டில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் நாட்டைப் போடுவார்கள். இறந்த பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவார்கள். எழுதிக்கொண்டிருந்த உறவுக்காரர் பேனையை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பிள்ளை, அண்ணாவின்ரை பேரை எப்பிடிப் போடுறது?"

முற்றத்தில் நின்ற எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அங்கே சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

"பேரை மட்டும் போடுங்கோ," என்றாள். "முன்னால ஒண்டும் வேண்டாம்."

"அப்ப பக்கத்திலை? எங்கை இருக்கிறான் எண்டு..."

"பக்கத்திலையும் ஒண்டும் வேண்டாம். முதலாவதாப் போடுங்கோ. அவன்தானே மூத்தவன்."

அடக்கத்தைத் தள்ளிவைக்கவில்லை. அன்று பின்னேரமே சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். மூத்த மகன் போடவேண்டிய முதல் பிடி மண்ணை அவள் போட்டாள். திரும்பிக் குனிந்து இன்னொரு பிடி எடுத்துத் தனக்காகப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. தங்கச்சி குடும்பத்தோடு கனடாவுக்குப் போயிருந்தாள், இவளையும் கூப்பிட்டுக்கொண்டாள். வெளிக்கிடுகிற அன்று காலை என் குசினியில் தேநீர் குடித்தோம். திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை, பெட்டிக்குள் வை என்றேன். வைத்துவிட்டு வந்து, "போயிட்டு வாறன் அக்கா" என்றாள். முதலில் கிழமைக்கொருக்கால் தொலைபேசி எடுத்தாள். பிறகு நல்ல நாள் பெருநாளுக்கு. பிறகு அவளுடைய இலக்கம் மாறிவிட்டதோ என்னவோ, நான் எடுத்தாலும் கிடைப்பதில்லை. அங்கே என்ன பாடோ. கோபம் ஒன்றும் இல்லை. அவளைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. வேறு எதையும் இவ்வளவு விரும்புகிறேன் என்று சொல்லமாட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்றேன், வீட்டுக்கு நிறம் பூசினேன், மாமரத்துக்குக் கீழே இரண்டு வாழை வைத்தேன். உங்களுக்கு இப்படி நீட்டி நீட்டி எழுதுகிறேன்.

ஆகவே, போன் எடுத்த பிள்ளைக்குச் சொல்கிறேன். புதிய நிரலை நீங்கள் விரும்பியபடி எழுதுங்கள், அது உங்களுடையது. நேர எல்லையைக் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் நெல் நனையும். எல்லை கடந்த பிறகு அந்த ஆளின் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது என்று வரும்போது மட்டும் கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள். இடம் போதாமல் பழைய பெயர்களை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் எடுங்கள், அதற்கும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

போன மாதம் தண்ணீர் மோட்டர் பழுதாகிவிட்டது. திருத்த வந்தவர் புதுசு வாங்கச் சொன்னார், வாங்கினேன். பழைய பெட்டி இந்த மோட்டருக்குப் பொருந்தாது, அதையும் மாற்றுங்கள் என்றார். வேண்டாம், புது மோட்டரை வெளியில் வையுங்கள், மேலே ஒரு தகரம் போட்டு விடுங்கள் என்றேன். பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற நாட்களில் திறப்பை அதற்குள்தான் வைத்துவிட்டுப் போகிறேன்.